புதன்கிழமை வந்த கார்டு

மற்ற கார்டுகளெல்லாம் பழுத்துப்போயிருந்தன, அது ஒன்று மட்டும் பழுக்காமல் இருந்தது. மண்டப வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு தபால் கார்டுகளைப் பரப்பி, 'ரயில்பூச்சி மாமா குழந்தைகளுக்குத் தம் கைப்பட எழுதிய பதில்கள்' என்று அட்டையில் அச்சடித்து மேலே ஒட்டியிருந்தார்கள். பதினொன்றில் எண்ணெய்க் கறை, மாம்பழக் கறை, நான்காக மடித்த கோடு, வீட்டுப்பாட நோட்டுக்குள் வருஷக்கணக்காக நசுங்கிய தடம், ஒன்றில் யாரோ ஒரு குழந்தை மாமாவின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிப் பார்த்திருந்தது. நடுவில் இருந்த பன்னிரண்டாவதில் மட்டும் எதுவும் இல்லை. நேற்று தபாலாபீசில் வாங்கியதைப் போல இருந்தது. எந்தக் குழந்தையின் கையும் அதில் படவில்லை, அதனால் அப்படி இருந்தது. ஜெயசீலி குனிந்து பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள், சாய்வான எழுத்து, 'ல்' மேல் புள்ளியைக் குட்டி வட்டமாகச் சுழிப்பது, அதெல்லாம் அவளுடைய கை, பன்னிரண்டுமே அவளுடைய கைதான், ஆனால் அதைப் பற்றி அவளுக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை, நெஞ்சுக்குள் எதுவோ ஒரு படி தவறிக் கீழே கால் வைத்தது. "சீலியக்கா, வாங்க வாங்க," என்று வந்தார் சிதம்பரநாதன், மாமாவின் தம்பி மகன், இந்த நூற்றாண்டு விழாவுக்காக மூன்று மாதமாக அலைந்துகொண்டிருப்பவர். "கார்டெல்லாம் பாத்தாச்சா? அந்த நடுவுல இருக்கறது பெரியப்பா பீரோவுல இருந்துச்சுக்கா. கல்யாணத்துக்குன்னு எடுத்துட்டுக் கட்டாமலே வெச்சிருந்தார்ல, அந்தப் பட்டுவேட்டிக்கு அடியில. ஒண்ணாச்சும் அழுக்கில்லாம கெடைச்சுதேன்னு நடுவுல வெச்சேன்." அவள் கேட்டாள், "திருப்பிப் பாத்தியாப்பா?" அவர் சிரித்தார், "என்னத்தக்கா இருக்கப்போவுது, விலாசந்தானே."

விலாசந்தான். விலாசமும் அதன் மேல் குறுக்கே தபால்காரரின் சிவப்பு மையும். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், ஒரு பெண் வந்து குங்குமச்சிமிழை நீட்டிவிட்டு அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக் கற்கண்டைத் தள்ளினாள், மின்விசிறி தலைக்கு நேர் மேலே ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்றது. நேரம் நாலரை. இன்னும் இரண்டு பேர் பேசவேண்டும், அதற்கப்புறம் மூன்றாவதாக அவள், 'ரெண்டே ரெண்டு வார்த்தை' என்று சொல்லியிருந்தார்கள், மேடையின் பின்னால் கட்டியிருந்த பிளக்ஸில் மாமா வழுக்கைத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார், அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை, படத்துக்குப் பக்கத்தில் ஒரு கழுதை, கழுதையின் வாயிலிருந்து ஒரு பெரிய குமிழ், குமிழுக்குள் சிவப்பில் 'சொல்லு. இன்றைக்கே சொல்லு.' அந்தக் கார்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள், வாசகம் நன்றாக இருக்கிறதென்று விழாவுக்கே அதை வைத்துவிட்டார்கள். அவள் எழுதியது. இருபத்துநான்கு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அன்றைய முதல் கார்டாக எழுதியது. குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். சொல்லிவிடலாமா. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து அந்தக் கார்டு யாருக்குப் போனது, ஏன் திரும்பி வந்தது என்று சொல்லிவிடலாமா, வேண்டாமா, இருந்திருந்தால் நூறு வயதாகிற மனிதருக்குப் பிறந்தநாளில் இதையா கொடுப்பது, இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எந்த மேடை, எழுபத்திரண்டு வயதாயிற்று, போன மாதம் குளியலறையில் தலைசுற்றி விழுந்தபோது ஈரத்தரையில் கன்னம் பதிந்திருக்க முதலில் நினைவுக்கு வந்தது கர்த்தரின் பெயர் அல்ல, ஒரு பெண்பிள்ளையின் பெயர்.

மேடையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பில் தனக்கு இருட்டு என்றால் பயம், கொல்லைப்பக்கம் போகமாட்டாராம், செவ்வாய்க்கழுதைக்கு எழுதிக் கேட்டாராம், 'இருட்டும் உன்னைப் பார்த்துப் பயந்துதான் மூலையில் போய் நிற்கிறது, அதோடு கொஞ்சம் பேசிப்பார்' என்று பதில் வந்ததாம், "பேசினேன் ஐயா, இன்னிக்கும் கரண்டு போனா பேசுறேன், என் சம்சாரம் சிரிக்கிறா," என்றார், மண்டபமே சிரித்து மூக்கைச் சிந்தியது. அது அவள் ஒரு பல்வலி நாளில் எழுதியது, கிராம்பை வாயில் அதக்கிக்கொண்டு, நாற்பது கார்டில் ஒன்றாக. அப்போதெல்லாம் 'சிறுகொடி' பத்திரிகை ஆபீஸ் மாடியில் ஓட்டுக்கூரைக்கு அடியில் இருந்தது, மத்தியானம் ஓடு சுடும், ஓட்டுச் சந்து வழியாக ஒரு வெயில் காசு மேஜை மேல் நகர்ந்துகொண்டே போகும், அது மைக்கூட்டைத் தொட்டால் தபால்காரர் வரும் நேரம். மாமா சாயந்தரம் ஐந்தரைக்குத்தான் வருவார், அதுவரை ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா கனகசபாபதி, படியேறி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபின் ரயில்பூச்சி மாமா. லெவல் கிராசிங் கேட்டருகில் நிற்கும் ஒரு கழுதை, செவ்வாய்க்கிழமை மட்டும் பேசும், மற்ற நாளில் எவ்வளவு கெஞ்சினாலும் வாலை ஆட்டிவிட்டுப் புல் மேயும். அவ்வளவுதான் கதை, அதைப் பதினெட்டு வருஷம் எழுதினார், தமிழ் பேசுகிற பிள்ளைகள் பாதிப் பேர் செவ்வாய்க்கிழமையைத் தனியாக ஒரு ருசியோடு நினைத்துக்கொண்டார்கள். கழுதைக்குக் கடிதம் வந்தது, மூட்டை மூட்டையாக. பதில் போகவேண்டும் என்றார் மாமா, ஆனால் கடிதத்தைப் பிரித்தால் அவருக்குக் கை நடுங்கும், நாலு வரி படித்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார், அதனால்தான் கல்லூரி முடித்த ஒரு பெண் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தார், அதனால்தான் அவள்.

அவர் ஏன் நடுங்கினார் என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் ரயில்வே யார்டில் விளையாடிக்கொண்டே காலிச் சரக்குப் பெட்டிக்குள் தூங்கிப்போனாராம், யாரோ பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள், பெட்டி கிளம்பிவிட்டது, இரண்டு நாள், மானாமதுரையில் திறந்தபோது கை முட்டியெல்லாம் தோல் இல்லை, தட்டித் தட்டி. "வெளியில எங்கயோ ஒரு கழுதை கத்துச்சும்மா சீலி. அது என்னையத்தான் கூப்பிடுதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அப்படி நெனைச்சதாலதான் இருந்தேன்." பிறகு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். "எல்லாரும் எனக்குப் பிள்ளைகளைத் தெரியும்னு சொல்றாங்க. எனக்கு எந்தப் பிள்ளையையும் தெரியாது. அந்தப் பொட்டிக்குள்ள இருக்கானே, அவனை ஒருத்தனைத்தான் தெரியும். அவனுக்குத்தான் எழுதுறேன். மத்தவங்களும் படிச்சா படிச்சுட்டுப் போகட்டும்." மேடையில் இப்போது பேராசிரியர் ஒருவர் மாமாவின் எழுத்து ஏன் நிலைத்தது என்று ஐந்து காரணம் சொல்ல ஆரம்பித்திருந்தார், எளிமை என்றார், கற்பனை வளம் என்றார், ஜெயசீலிக்கு அந்த முட்டிகள் தெரிந்தன, தோல் உரிந்த இரண்டு சின்ன முட்டிகள் இரும்பில் தட்டிக்கொண்டே இருந்தன, மின்விசிறி டக்கென்றது, டக்கென்றது. பெட்டிக்குள் இருந்தவனுக்கு எழுதியவருக்குத்தான் பெட்டிக்குள் இருந்த ஒருத்தி எழுதினாள். எழுதியது சரியான ஆளுக்குத்தான். கிழமைதான் தப்பு.

கிழமை. அவர் போட்ட சட்டம் அது, அவர் போட்டிருந்தாலும் அவளும் அதில் பெருமைப்பட்டவள். பதில் கார்டு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் எழுதவேண்டும், செவ்வாய்க்கிழமை மட்டும்தான் தபாலில் சேரவேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் முத்திரையைப் பார்ப்பார்கள், தேதியைக் காலண்டரில் வைத்துப் பார்ப்பார்கள், 'உங்கள் கார்டில் பதினாலாம் தேதி முத்திரை, பதினாலு செவ்வாய்தான், நாங்கள் மூன்று பேரும் சரிபார்த்தோம்' என்று எத்தனை கடிதம் வந்திருக்கிறது. ஒரே ஒரு கார்டு வியாழக்கிழமை முத்திரையோடு போனால் போதும், கழுதை பொய் என்றாகிவிடும். "அவங்க நம்புறதை நாமதானம்மா காவல் காக்கணும்," என்பார். அதனால் மற்ற ஐந்து நாளும் வரும் கடிதங்களைப் பிரித்து, படித்து, நீலத்துணிப் பைக்குள் போடவேண்டியது, செவ்வாய் காலை பையைக் கவிழ்க்கவேண்டியது. அந்தப் பிள்ளை எழுதிய கார்டு புதன்கிழமை வந்தது. வெயில் மைக்கூட்டைத் தொட்டிருந்தது, அவள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால் பிடித்துப் படித்தாள், பென்சில் எழுத்து, அழுத்தி எழுதி மறுபக்கம் புடைத்திருந்தது. அன்புள்ள கழுதைக்கு வெள்ளத்தாய் எழுதுவது. நான் அஞ்சாப்பு. சனிக்கிழமை ஒரு ஆள் வந்து என்னை வடக்கே வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறார். அப்பா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டார். அம்மா அழுது. எனக்குப் போகப் பயமா இருக்கு. டீச்சர்கிட்ட சொல்லலாமா வேண்டாமா. சனிக்கிழமைக்கு முன்னாடி சொல்லவும். நீ பேசாட்டியும் தலையாட்டினாப் போதும், நான் புரிஞ்சுக்குவேன். கீழே பெயர், கீழப்பனையூர், சாத்தூர் வழி. அவள் அதைப் படித்தாள். படித்து என்ன செய்தாள் என்பதைத்தான் நாற்பத்தெட்டு வருஷமாக மனசு தொட்டுத் தொட்டு இழுத்துக்கொள்கிறது, சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல. மறந்துவிட்டாள் என்று சில வருஷம் தனக்கே சொல்லிப்பார்த்தாள், அவசரத்தில் கண் ஓடிவிட்டது என்று சொல்லிப்பார்த்தாள், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் 'ஒரு கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் போட்டேன்' என்று சொன்னபோது அவர் சல்லடைத் தடுப்பின் அந்தப்பக்கம் லேசாகச் சிரித்தது கேட்டது. மறக்கவில்லை. படித்தாள், 'தலையாட்டினாப் போதும்' என்ற இடத்தில் ஆகா என்றாள், என்ன அழகான வரி, இதை அடுத்த இதழில் போடலாம் என்று ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டாள், பைக்குள் போட்டுவிட்டுச் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டாள். ஊறுகாய் நார்த்தங்காய்.

செவ்வாய் காலை பையைக் கவிழ்த்தபோது அந்த டிக் மேலே வந்தது, அப்போதுதான் சனிக்கிழமை என்ற வார்த்தை வார்த்தையாக இல்லாமல் ஒரு நாளாக, போய்விட்ட ஒரு நாளாகத் தெரிந்தது, பேனாவை எடுத்து எழுதினாள், சொல்லு, இன்றைக்கே சொல்லு, டீச்சரிடம் சொல்லு, கேட்காவிட்டால் ஹெட்மாஸ்டரிடம் சொல்லு, எல்லோரிடமும் சொல்லு, இப்படிக்குச் செவ்வாய்க்கழுதை. இன்றைக்கே என்று எழுதினால் போன சனிக்கிழமை திரும்பி வந்துவிடும் போல அந்தச் சொல்லை அழுத்தி எழுதினாள். தானே ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டாள். பத்தாம் நாள் திரும்பி வந்தது, 'ஆள் ஊரில் இல்லை, திருப்புக' என்று சிவப்பு மையில். மாமாவிடம் நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், "எந்தக் கிழமை வந்துச்சு அந்தப் பிள்ளை லெட்டர்?" என்று கேட்டார், புதன் என்றாள், கார்டை ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் வைத்துவிட்டு, "சட்டம் போட்டது நான்தானே, நீ என்னம்மா பண்ணுவே," என்றார். திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அந்த வாரம்தான் அவர் புதன்கிழமைக் கதையை எழுதினார். தண்டவாளத்தின் மேல் ஒரு சிறுமி நடந்து போகிறாள், ரயில் வருகிறது, கிழமையோ புதன், கழுதை வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை, 'நில்!' சிறுமி நிற்கிறாள், ரயில் போகிறது. அதற்கு விலையாக அடுத்த செவ்வாய் முழுக்கக் கழுதை ஊமையாக நிற்கிறது, தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் கோபிக்காமல் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பேராசிரியர் அதைத்தான் இப்போது வாசித்துக்கொண்டிருந்தார், நரைத்த தலைகள் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லின, நில். அந்தக் கதைக்கு மெய்ப்புப் பார்த்தவள் அவள். 'நில்' என்பதை அச்சுக்கோப்பவர் சின்ன எழுத்தில் கோத்திருந்தார், பெரிய எழுத்தாக்கச் சொல்லிக் குறி போட்டாள். காகிதத்தில் அவர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார், ஜெயசீலியும் பக்கத்தில் இருந்து உதவினாள், ஊர் முழுக்க அழுது மகிழ்ந்தது, அதற்கப்புறம் இருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே இல்லை. அதற்கப்புறம் ஆண்டுமலர் வேலை வந்தது. அதற்கப்புறம் அவளுக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம், அதற்கப்புறம் என்ன, ஒன்றும் இல்லை, ரயிலில் ஜன்னலோரம் வீட்டு வேலைக்குப் போகிற மாதிரி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும், இருந்தால். ஆனால் மனசுக்குள் அவளுக்கு வயது ஏறவே இல்லை, பத்து வயதிலேயே நின்று ஏதாவது ஒரு தலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சிதம்பரநாதன் கை கொடுத்து ஏற்றிவிட்டு, பொன்னாடையோடு பின்னால் ஒதுங்கி நின்றார். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, யாரோ திருகி இறக்கினார்கள், கீழே முன்வரிசைக்கும் முன்னால் ஜமுக்காளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையில் சம்மணமிட்டிருந்தார்கள், அதை இதுவரை அவள் கவனிக்கவே இல்லை. வணக்கம் என்றாள். மாமா நல்லவர் என்றாள், குரல் வேறு யாருடையதோ போல ஒலிபெருக்கியிலிருந்து வந்தது, பிறகு நிறுத்த முடியவில்லை, பதில் எழுதினது நான் என்றாள், சலசலப்பு எழுந்தது, வாசலில் நடுவில் இருக்கிற கார்டு போய்ச்சேரவில்லை என்றாள், புதன்கிழமை வந்த கடிதத்தைச் சொன்னாள், தயிர்சாதத்தைச் சொன்னாள், டிக்கைச் சொன்னாள், வெள்ளத்தாய், அஞ்சாம் வகுப்பு, கீழப்பனையூர் என்று முழு விலாசத்தையும் சொன்னாள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது, நாக்குக்கு அது புதிதாக இருந்தது. முடித்தாள். மண்டபம் கைதட்டியது. பொறியாளர் எழுந்து நின்று தட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா கதை மாதிரியே இருக்கும்மா," என்றார் சத்தமாக. பேராசிரியர் நெருங்கி வந்து, "செவ்வாய்க்கிழமைங்கற அந்தக் கட்டுப்பாட்டுக்கு நீங்க என்ன செய்யமுடியும், உங்க மேல ஒரு தப்பும் இல்லை," என்றார், சிதம்பரநாதன் தலையை ஆட்டியபடியே பொன்னாடையைத் தோளில் போர்த்தினார், கனமான ஜரிகை, கழுத்தில் குத்தியது. எல்லோரும் அவளை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் அடங்கும்போது ஜமுக்காளத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது, வகுப்பில் உயர்வதுபோல. எட்டு வயது இருக்கும், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல்.

"மிஸ், அப்பறம் அந்த அக்கா என்ன ஆனாங்க?"

"தெரியலைம்மா."

"நீங்க அவங்க ஊருக்குப் போய்ப் பாக்கலையா?"

யாரோ அந்தப் பிள்ளையை உஷ் என்று அதட்டினார்கள். அது அதட்டலைக் கவனிக்கவில்லை, பதிலுக்காகக் கழுத்தை நீட்டி, கையை இன்னும் இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"போகலைம்மா."

"ரொம்பத் தூரமோ?"

ஜெயசீலி மைக்கை விட்டு விலகி, மேடை ஓரத்துக்கு வந்தாள். இதை ஒலிபெருக்கி சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"இல்லம்மா," என்றாள். "பஸ்ல ரெண்டு மணி நேரம்."